அகதா கிறிஸ்டி: புவாரோவை வெளியே அனுப்பிவிட்டு மேடையேறிய நாவலாசிரியர்

கேள்வி: "அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல்கள் சில படித்திருக்கிறேன். அவர் நாடகங்களும் எழுதினார் என்கிறார்கள். அவரே எழுதினாரா, நாவல்களை வேறு யாராவது நாடகமாக்கினார்களா? 'தி மவுஸ்டிராப்' மட்டும் எப்படி இத்தனை வருஷம் ஓடுகிறது? நாடகங்களை எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?"

இரண்டும் நடந்தது. முதலில் மற்றவர்கள் நாடகமாக்கினார்கள். அதைப் பார்த்து எரிச்சலடைந்துதான் அவரே எழுத உட்கார்ந்தார். நாவலில் அவருக்குப் பேரும் பணமும் தந்த துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோவை மேடையிலிருந்து விலக்கிய பிறகே நாடகத்தில் அவர் கை ஓங்கியது. எப்படி என்று விரிவாகச் சொல்கிறேன். கொலையாளி யார் என்று எங்கும் உடைக்கவில்லை. ஒரு நாடகத்தின் முடிவைப் பற்றி மட்டும் பேச வேண்டியிருக்கிறது, அந்த இடம் வரும்போது எச்சரிக்கிறேன்.

பிறந்தது 1890 செப்டம்பர் 15, இங்கிலாந்தின் டெவன் மாவட்டக் கடற்கரை ஊரான டார்க்கியில். தந்தை அமெரிக்கர். அகதாவுக்குப் பதினொரு வயதிருக்கும்போது அவர் இறந்துபோக, குடும்பத்தில் பணம் சுருங்கியது. படிப்பு பெரும்பாலும் வீட்டில்தான். எட்டு வயதுவரை பெண்ணுக்கு எழுத்தறிவிக்கக் கூடாது என்று அம்மா நினைத்தார், அகதா ஐந்து வயதுக்குள் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். பாரிஸில் பியானோவும் பாட்டும் பயின்றார். ஆனால் நாலு பேர் முன்னால் மேடையேறவே கூச்சம். பிற்பாடு லண்டனில் ஒரே நேரத்தில் மூன்று அரங்குகளில் தன் நாடகம் ஓடக் கண்டவர் இவர்தான்.

முதலில் எழுதிய நாவல் கெய்ரோவில் நடக்கும் கதை. யாரும் வெளியிடவில்லை. அண்டை வீட்டுக்காரரான எழுத்தாளர் ஈடன் ஃபில்பாட்ஸ் படித்துப் பார்த்து ஆலோசனை சொன்னார், தன் இலக்கிய முகவரிடமும் அனுப்பிவைத்தார். 1914 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் விமானப்படை அதிகாரி ஆர்ச்சிபால்ட் கிறிஸ்டியுடன் கல்யாணம். போர்க்காலத்தில் டார்க்கி செஞ்சிலுவை மருத்துவமனையில் முதலில் தாதி, பிறகு மருந்து கலக்கும் பிரிவில் வேலை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் கம்பவுண்டர். அதற்கான தேர்வை 1917இல் எழுதித் தேறினார்.

இந்தக் கம்பவுண்டர் வேலையைப் பலரும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவருடைய கதைகளில் பாதி சரக்கு அங்கிருந்து வந்தது. பயிற்சியின்போது ஒரு மருந்தாளர் தசமப் புள்ளியைத் தவறான இடத்தில் வைத்து, ஆசனவாயில் வைக்கும் மருந்துக் குளிகைகளைப் பத்து மடங்கு வீரியத்தில் செய்துவிட்டார். பெரியவரிடம் நேரே சொல்லத் தயங்கிய அகதா, இடறி விழுவதுபோலத் தட்டைக் கவிழ்த்து, சிதறிய குளிகைகளை நன்றாக மிதித்து நாசமாக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டார். அதே மனிதர் குராரே என்ற விஷத்தின் கட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். அது தனக்கு ஒரு பலத்தைத் தருவதாகச் சொன்னாராம். பல பத்தாண்டுகள் கழித்து 1961இல் வந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலுக்கு அந்த ஆள் ஒரு விதை.

முதல் துப்பறியும் நாவல் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்', எழுதியது 1916இல். பல பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய பிறகு பாட்லி ஹெட் நிறுவனத்தின் ஜான் லேன் எடுத்துக்கொண்டார். 1920இல் அமெரிக்காவிலும் 1921இல் பிரிட்டனிலும் வந்தது. ஒப்பந்தப்படி இன்னும் ஐந்து புத்தகங்கள் அவர்களுக்கே தர வேண்டும். முதல் புத்தகத்துக்குக் கையில் கிடைத்தது 25 பவுண்டு, அதுவும் தொடர்கதை உரிமையிலிருந்து.

அந்தக் கதையின் விஷம் வேலை செய்யும் முறையைப் பாருங்கள். அந்தக் காலத்து டானிக்குகளில் ஸ்ட்ரிக்னைன் மிகச் சிறிய அளவில் சேர்ப்பார்கள். ஒரு பாட்டில் முழுவதற்கும் ஒரு கிரெய்ன், அதாவது சுமார் 65 மில்லிகிராம். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு துளி அளவே போவதால் ஆபத்தில்லை. அந்தப் பாட்டிலில் தூக்கத்துக்குக் கொடுக்கும் புரோமைடு தூளைக் கலந்துவிட்டால், ஸ்ட்ரிக்னைன் கரையாத உப்பாக மாறிச் சில மணி நேரத்தில் படிகமாக அடியில் தங்கிவிடும். மேலே உள்ளதைக் குடிக்கக் குடிக்க ஒன்றும் ஆகாது. கடைசி வேளையில் மொத்த விஷமும் ஒரே மடக்கில் உள்ளே போகும். 'குலுக்கி உபயோகிக்கவும்' என்று பாட்டிலில் ஒட்டுவது ஏன் என்று இப்போது புரியும். கொலையாளி அந்த நேரத்தில் வீட்டிலேயே இருக்க வேண்டியதில்லை, அதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. மருந்தாளர்களுக்கான பத்திரிகை ஒன்று, விஷத்தைச் சரியாகக் கையாண்டிருப்பதாக இந்த நாவலைப் பாராட்டியது. தனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதில்தான் கிறிஸ்டிக்கு அதிகப் பெருமை.

1926 அவருக்கு உச்சமும் பள்ளமும். 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' வந்து வாசகர்களை இரண்டு கட்சியாகப் பிரித்தது. ஒரு கட்சி ஏமாற்று என்றது, மறு கட்சி அபாரம் என்றது. அதே ஆண்டு அம்மா இறந்தார், கணவர் வேறொரு பெண்ணைக் காதலிப்பதாகச் சொல்லி விவாகரத்துக் கேட்டார். டிசம்பர் 3ஆம் தேதி இரவு காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கார் கில்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அநாதையாகக் கிடந்தது. பதினொரு நாள் நாடே தேடிய பிறகு, ஹாரோகேட் நகர ஹோட்டல் ஒன்றில் கணவரின் காதலியுடைய குடும்பப் பெயரைத் தன் பெயராகப் பதிந்து தங்கியிருந்தவரைக் கண்டுபிடித்தார்கள். அதைப் பற்றித் தன் சுயசரிதையில் அவர் மூச்சே விடவில்லை. இந்தப் பதினொரு நாளைப் பற்றி எழுதப்பட்டதில் கால்வாசிகூட அவருடைய நாடகங்களைப் பற்றி எழுதப்படவில்லை என்பது என் மனக்குறை. ஆகவே மேலே போவோம். 1928இல் விவாகரத்து. அதன்பின் தனியாக ரயிலேறி பாக்தாத், அங்கிருந்து 'ஊர்' (Ur) என்ற பண்டைய நகரத்தின் அகழாய்வு. 1930இல் தன்னைவிடப் பதினான்கு வயது இளையவரான தொல்லியலாளர் மேக்ஸ் மாலோவனை மணந்தார். இந்த மணம் கடைசிவரை நிலைத்தது.

இனி நாடகம்.

1928இல் 'ரோஜர் அக்ராய்ட்' நாவலை மைக்கேல் மார்ட்டன் என்பவர் 'அலிபை' என்ற பெயரில் நாடகமாக்கினார். சார்லஸ் லாட்டன் புவாரோ வேஷம் கட்டினார். மார்ட்டனின் முதல் யோசனை, புவாரோவுக்கு இருபது வயதைக் குறைத்து, பெண்களெல்லாம் மயங்கும் ஆளாக்குவது. கிறிஸ்டி சண்டை போட்டு அதைத் தடுத்தார். பதிலுக்கு, நாவலில் ஊர்வம்பு அத்தனையையும் விரல்நுனியில் வைத்திருக்கும் முதிர்கன்னி கரோலின் பாத்திரத்தைத் தூக்கிவிட்டு அழகான இளம்பெண்ணை வைத்தார்கள். அந்தக் கரோலினை இழந்தது அவருக்குப் பெரிய வருத்தம். அவருடைய இன்னொரு துப்பறிவாளரான முதியவர் மிஸ் மார்ப்பிள் பிறந்ததில் அந்த வருத்தத்துக்கும் பங்கு உண்டு.

நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்து எழுதியது 'பிளாக் காஃபி' (1930). ஒரே அறை, மூன்று அங்கம், திருடுபோன சூத்திரம், காபியில் விஷம், திடீரென்று விளக்கணைதல். கைத்திறன் தெரிகிறது, ஆனால் நடுவில் புவாரோ நின்றுகொண்டு ஒவ்வொருவராக விசாரிக்கும்போது மேடை உறைந்துவிடுகிறது. காரணம் எளிது. நாவலில் புவாரோவின் மீசை, விநோதப் பேச்சு, கூடவரும் நண்பர் ஹேஸ்டிங்ஸின் மந்தபுத்தி எல்லாம் வாசகனின் கவனத்தைத் திருப்பும் திரைச்சீலை. அதன் மறைவில் துப்பு ஒளிந்திருக்கும். மேடையில் அந்த மீசையே கண்ணைப் பறித்துவிடும், சந்தேகத்துக்குரிய மனிதர்கள் பின்னணியாகிவிடுவார்கள். யார் கொன்றது என்பதில் சுவை இருக்க வேண்டுமானால் அந்த ஏழெட்டுப் பேர்மீதுதான் பார்வை தங்க வேண்டும்.

இதைக் கண்டுபிடித்த பிறகு அவர் இரக்கமில்லாமல் வெட்டினார். 'அப்பாயின்ட்மென்ட் வித் டெத்' நாடகத்தில் (1945) புவாரோ இல்லை, நாவலின் தீர்வே மாறியிருக்கிறது. நைல் நதிக் கதை 'மர்டர் ஆன் த நைல்' ஆனபோது (1946) அவர் இடத்தில் ஒரு பாதிரியார். 'தி ஹாலோ' (1951) இன்னும் சுவாரஸ்யம். அந்த நாவலில் புவாரோவை நுழைத்ததே தவறு, அவர் வந்து கதையைக் கெடுத்துவிட்டார் என்று கிறிஸ்டியே எழுதியிருக்கிறார். நாவலை நாடகமாக்காதே என்று மகள் ரோசலிண்ட் தடுத்தும் கேட்காமல் எழுதினார். தயாரித்தவர் பீட்டர் சாண்டர்ஸ். 376 காட்சிகள் ஓடியது. சாண்டர்ஸுடனான கூட்டணி அங்கே தொடங்கியது.

அதற்கு முன்னால் ஒரு பெரிய சோதனையைத் தாண்டியிருந்தார். 1939இல் வந்த தீவுக் கதை, இன்று 'அண்ட் தென் தேர் வேர் நன்' என்று அறியப்படுவது. (அன்றைய பிரிட்டிஷ் தலைப்பில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் இருந்தது. இப்போது யாரும் அதை அச்சிடுவதில்லை.) முடிவைப் பற்றிப் பேசப்போகிறேன், படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

ஒரு தீவில் பத்துப் பேர், ஒரு குழந்தைப் பாட்டின் வரிசைப்படி ஒவ்வொருவராகச் சாகிறார்கள். நாவலில் பத்துப் பேரும் காலி. எப்படி நடந்தது என்பது கடலில் கிடைத்த ஒரு பாட்டிலுக்குள் இருக்கும் கடிதத்தால் தெரிகிறது. மேடையில் இது நடக்காது. கடைசி ஆளும் செத்துவிட்டால் யார் யாரிடம் பேசுவது? பிணங்கள் கிடக்கும் காலி மேடையில் ஒரு கடிதத்தைப் படிக்க முடியுமா? பாட்டுக்கு இன்னொரு பாடம் இருந்தது. அதில் கடைசி ஆள் தூக்குப் போட்டுக்கொள்வதற்குப் பதில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விடுகிறான். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இருவரைப் பிழைக்கவைத்தார். சௌகரியத்துக்கு ஒட்டுப்போட்டதாகத் தெரியாமல், அதே பாட்டிலிருந்தே மாற்றத்தை எடுத்ததுதான் சாமர்த்தியம்.

மேடைக்கென்றே அந்தக் கதையில் இருந்த இன்னொரு வரம், கணப்பு மாடத்தின்மேல் நிற்கும் பத்துப் பொம்மைகள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பொம்மை குறைகிறது. நாவலில் யாராவது எண்ணிச் சொன்னால்தான் தெரியும். அரங்கில் பார்வையாளர்களே எண்ணிக்கொண்டிருப்பார்கள். 1943 நவம்பரில் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் தொடங்கியது. குண்டு வீச்சில் அரங்கம் சேதமாகி இடம் மாறியும் 260 காட்சிகள். நியூயார்க்கில் 426. 1945இல் ரெனே கிளேர் எடுத்த படமும் நாடக முடிவையே எடுத்துக்கொண்டது. நம் எஸ். பாலசந்தர் 1970இல் இயக்கிய 'நடு இரவில்' இந்தக் கதையின் தழுவல்தான்.

இனி உங்கள் 'மவுஸ்டிராப்', அதாவது எலிப்பொறி. ராணி மேரியின் எண்பதாவது பிறந்தநாளுக்காக பிபிசி கேட்டு, 1947 மே 30இல் ஒலிபரப்பான அரை மணி வானொலி நாடகம் 'த்ரீ பிளைண்ட் மைஸ்' அதன் மூலம். வளர்ப்பு வீட்டில் கொடுமைப்படுத்தப்பட்டு 1945இல் ஒரு சிறுவன் இறந்த உண்மை வழக்கு பின்னணியில் இருக்கிறது. அதை முழுநீள நாடகமாக்கியபோது பழைய தலைப்பு வேறொரு நாடகத்துக்கு ஏற்கெனவே சூட்டப்பட்டிருந்ததால், மருமகன் அந்தோணி ஹிக்ஸ் 'ஹாம்லெட்' நாடகத்திலிருந்து புதுத் தலைப்பு எடுத்துக் கொடுத்தார். நாட்டிங்ஹாமில் 1952 அக்டோபர் 6இல் அரங்கேறியது. பார்த்துவிட்டுக் கிறிஸ்டிக்கு ஒரு சந்தேகம்: சிரிப்பு அதிகமாகி திகில் குறைகிறதோ? லண்டன் அம்பாசடர்ஸ் அரங்கில் நவம்பர் 25இல் தொடங்கியது. ரிச்சர்ட் அட்டன்பரோவும் அவர் மனைவி ஷீலா சிம்மும் முதல் நடிகர்கள். எட்டு மாதம் ஓடும் என்று கிறிஸ்டி கணித்தார், பதினான்கு மாதம் என்றார் சாண்டர்ஸ். 1974 மார்ச்சில் பக்கத்து செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்குக்கு மாறியது. கொரோனாவுக்காக 2020 மார்ச் முதல் 2021 மே வரை நின்றது. 2025 மார்ச்சில் லண்டனில் 30,000ஆவது காட்சியைத் தொட்டது.

ஏன் ஓடுகிறது? கதையின் கடைசித் திருப்பத்தை மட்டும் காரணமாகச் சொல்வது பாதி உண்மை. கணக்கைப் பாருங்கள். எட்டே நடிகர்கள், ஒரே செட், காட்சி மாற்றச் செலவு கிடையாது. முதல் அரங்கில் சுமார் 450 இருக்கைகள்தான். சுமாரான நாளிலும் நிறைந்து தெரியும், நட்டம் வராது. பெரிய நட்சத்திரம் போனால் நாடகம் படுத்துவிடும் என்ற பயமில்லை. அவ்வப்போது நடிகர்களை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எட்டுப் பாத்திரங்களும் ஏறக்குறைய சம கனம் உள்ளவை, அதனால் யாரை மாற்றினாலும் ஆட்டம் காணாது. லண்டன் ஓட்டம் முடிந்து ஆறு மாதம் ஆகும்வரை படமெடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம். இதன் சிறுகதை வடிவத்தைப் பிரிட்டனில் புத்தகமாகவும் வெளியிடவில்லை. திரை விழுந்ததும் "ரகசியத்தை வெளியே சொல்லாதீர்கள்" என்று நடிகரே கேட்டுக்கொள்கிறார். பத்து வருஷம் தாண்டியபின் ஓடுவதே விளம்பரமாகிவிட்டது, லண்டன் போனவர்கள் பார்க்கும் இடங்களில் ஒன்றாகிவிட்டது. முதல் நாளிலிருந்து மேடையில் மிஞ்சியிருக்கும் ஒரே பொருள், கணப்பு மாடத்தின் மேலிருக்கும் கடிகாரம். உரிமைத் தொகை கிறிஸ்டிக்கு வரவில்லை. பேரன் மேத்யூவுக்கு ஒன்பதாவது பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டார். உலகத்தில் எந்தப் பாட்டியும் இப்படி ஒரு பரிசு கொடுத்திருக்க மாட்டார்.

ஆனால் அவருடைய தலைசிறந்த நாடகம் அதுவல்ல. 'விட்னஸ் ஃபார் த பிராசிக்யூஷன்' (1953) தான் என்பது என் கட்சி. அவருக்கும் அதில் தனிப் பிரியம் உண்டு. 1925இல் பத்திரிகையில் வந்த சிறுகதை மூலம். முழு நீதிமன்றத்தை மேடையில் வைக்க வேண்டும், முப்பது பேர் வேண்டும். சட்ட நடைமுறை தனக்குத் தெரியாது என்று முதலில் மறுத்தார். பிறகு பிரபல வழக்குகளின் நடவடிக்கைப் பதிவுகளைப் புத்தகம் புத்தகமாகப் படித்து, வழக்கறிஞர்களிடம் கேட்டுத் திருத்திக்கொண்டார். சிறுகதை முடியும் இடத்துக்கு அப்பால் ஒரு திருப்பம் சேர்த்தார். மற்றவர்கள் அதை வேண்டாம் என்றபோது, வழக்கமாக விட்டுக்கொடுப்பவர், இதில் மசியவில்லை. லண்டனில் 468, நியூயார்க்கில் 645 காட்சிகள். நியூயார்க் விமர்சகர்கள் அந்த ஆண்டின் சிறந்த அயல்நாட்டு நாடகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1957இல் பில்லி வைல்டர் படமாக்கினார். 2017 முதல் லண்டன் கவுன்ட்டி ஹாலின் பழைய மன்றக்கூடத்தில், பார்வையாளர் சிலரை ஜூரியாக உட்காரவைத்து நடத்துகிறார்கள்.

1954 டிசம்பரில் 'ஸ்பைடர்ஸ் வெப்' சேர்ந்துகொண்டதும் மூன்று நாடகங்கள் ஒரே சமயத்தில் லண்டனின் அரங்கப் பகுதியான வெஸ்ட் எண்டில் ஓடின. இது மார்கரெட் லாக்வுட் என்ற நடிகைக்காகவே எழுதிய நகைச்சுவைத் திகில், 774 காட்சிகள்.

சறுக்கியதையும் சொல்ல வேண்டும். 1958 மே மாதம் 'வெர்டிக்ட்'. அதில் கொலை பார்வையாளர் கண்ணெதிரிலேயே நடந்துவிடுகிறது, மர்மமே கிடையாது. கொள்கையைப் பிடித்துத் தொங்கும் நல்லவர் ஒருவர் சுற்றியிருப்பவர்களை எப்படி அழிக்கிறார் என்பது விஷயம். 'தீர்ப்பு' என்ற தலைப்பைப் பார்த்து இன்னொரு நீதிமன்ற நாடகம் என்று வந்தவர்கள் ஏமாந்தார்கள். போதாக்குறைக்கு முதல் நாள் திரையைச் சில வினாடி முன்னதாக இறக்கிவிட்டார்கள். பிரிந்துபோன கதாநாயகி திரும்பி வரும் கடைசி நிமிடம் அது. அவள் வராமலே நாடகம் முடிந்து, அர்த்தமே தலைகீழானது. மாடி வரிசைகளிலிருந்து கூச்சல். ஒரு மாதத்தில் இறக்கிவிட்டார்கள். கிறிஸ்டி நான்கே வாரத்தில் 'தி அன்எக்ஸ்பெக்டட் கெஸ்ட்' எழுதி, ஆகஸ்ட் 12இல் மேடையேற்றிவிட்டார். 604 காட்சிகள். மூடுபனியில் கார் சிக்கி ஒரு வீட்டுக்குள் நுழையும் அந்நியன், சக்கர நாற்காலியில் இறந்துகிடக்கும் கணவன், கையில் துப்பாக்கியுடன் மனைவி என்று திரை தூக்கியதுமே பிடித்துவிடும். இந்தியில் 1973இல் வந்த 'துந்த்' இதன் தழுவல்.

1960க்குப் பிறகு மேடையில் சொல்லும்படி ஒன்றுமில்லை. 1971இல் பிரிட்டிஷ் அரசின் 'டேம்' பட்டம். 1975இல் வந்த 'கர்ட்டன்' நாவலில் புவாரோ இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டது. கிறிஸ்டி 1976 ஜனவரி 12இல் வாலிங்ஃபோர்டு வீட்டில் காலமானார். 66 துப்பறியும் நாவல்கள், மேரி வெஸ்ட்மகாட் என்ற புனைபெயரில் 6 நாவல்கள் வேறு.

படிக்கும் வரிசை: முதலில் 'விட்னஸ்' சிறுகதை, உடனே அதன் நாடகம். எதைச் சேர்த்தார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படித்தால் மேடைத் தொழில் கையில் பிடிபடும். அடுத்து 'தி ஹாலோ' நாவலும் நாடகமும், புவாரோ இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதற்கு. இந்த இரு நாடகங்களும் 'மவுஸ்டிராப்' உட்பட எட்டு நாடகங்கள் கொண்ட ஒரே தொகுதியில் கிடைக்கும், தனித்தனியாக வாங்க வேண்டாம். 'பிளாக் காஃபி', 'ஸ்பைடர்ஸ் வெப்', 'தி அன்எக்ஸ்பெக்டட் கெஸ்ட்' மூன்றும் கடைகளில் நாவலாகவும் இருக்கும். அட்டையில் கிறிஸ்டி பெயர் பெரிதாக இருந்தாலும், உரைநடை அவர் மறைவுக்குப் பல ஆண்டுகள் கழித்து சார்லஸ் ஆஸ்பர்ன் எழுதியது. நாடகப் பிரதியையே கேட்டு வாங்குங்கள்.

கல்லூரியிலோ குழுவிலோ மேடையேற்றும் எண்ணமிருந்தால் ஒன்று: இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டுகள், ஆகவே 2036 முடியும்வரை அனுமதி வாங்கியே ஆக வேண்டும். தமிழில் மொழிபெயர்த்து நடத்தினாலும் அப்படித்தான்.